ஆறாவது கையெழுத்து

நூற்று முப்பத்தெட்டு யூரோ அறுபது சதம். ஜெயகாந்த் கோயிலுக்குக் கட்டவேண்டியிருந்த காசு அவ்வளவுதான். வட்டிக்கு வாங்கியதுமல்ல, கைமாற்றாக வாங்கியதுமல்ல. அது படித்த காசு. தனியே இருக்கிறவர்களை எப்படிப் போய்ப் பார்ப்பது என்று நான்கு சனிக்கிழமை இருந்து படித்ததற்கு, ஆளுக்கு வந்த செலவு.

அருளப்புவும் அந்த வகுப்பில்தான் இருந்தார். அவர் தலையிலும் அதே தொகை எழுதியிருந்தது.

வகுப்பு வந்த காரணம் எமிலியான். ஹம்பேர்க் தமிழ்க் கத்தோலிக்கப் பூசைக்கு வந்து, கடைசி வாங்கில் இருந்து, முடிந்ததும் முதல் ஆளாக எழும்பிப் போகிற மனிதர். போன மாரியில் அவர் தன் வீட்டுக்குள் செத்துப் பதினொரு நாள் கிடந்தார். தபால்பெட்டி நிரம்பி வழிவதைப் பார்த்து, பக்கத்து வீட்டு ஜெர்மன்காரிதான் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தாள். அடக்கப் பூசைக்கு இருநூறு பேர் வந்தார்கள். அந்த இருநூறு பேரில் எமிலியான் வீட்டு மணியை ஒருதரமாவது அமத்தினவர் எவருமில்லை.

கோயில் தொண்டர்களுக்குப் பொறுப்பு கிறிஸ்ரினா. காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிறவள், எதையும் தாளில் எழுதிக் கோப்பில் போட்டால்தான் நித்திரை கொள்ளுவாள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அவள் சொன்னாள்: "அழுதது காணும். இனி ஆக்களைப் பழக்கி அனுப்புவம்."

முதியோர் இல்லத்தில் முப்பது வருசம் வேலை செய்து ஓய்வெடுத்த லிண்டமன் என்ற அம்மாவை ஒழுங்குபண்ணினாள். அந்த அம்மாவுக்குச் சம்பளம், கைநூல், மதியச் சாப்பாடு, எல்லாவற்றையும் முதலில் கோயில் கட்டும். படித்தவர் கார்த்திகை முப்பதுக்கு முன்னம் ஆறுதரம் போய் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தால் அவர் பங்கு தள்ளுபடி. போகாவிட்டால் திருப்பிக் கட்டவேண்டும். இந்தக் கட்டுப்பாடு வேண்டாமென்று ஒருவர் சொல்ல, கிறிஸ்ரினா பழைய கோப்பைத் திறந்து காட்டினாள். "முதலுதவி வகுப்புக்குப் பதினெட்டுப் பேர் வந்தவை. சான்றிதழை வாங்கிக்கொண்டு போய் கார் லைசென்சுக்குக் குடுத்தவை. அதுக்குப் பிறகு அதிலை ஒருதரையும் நான் காணேல்லை."

இந்தமுறை ஐந்து பேர்தான் வந்தார்கள்.

அருளப்புவுக்கு வயது அறுபத்தொன்று. ஹார்பூர்க்குக்கு அங்காலே உள்ள ஒரு சலவைத் தொழிற்சாலையில், ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைப் பிரித்துப் போடுகிற வேலை. விடிய ஐந்து மணிக்குத் தொடங்கிப் பகல் ஒன்றரைக்கு முடியும். இருபத்திரண்டு வருசத்தில் வலது தோள் அவர் சொல்லுக் கேட்காத தோளாகிவிட்டது. கலியாணப் பேச்சுகள் வந்த காலத்தில் விசா இருக்கவில்லை. விசா வந்த காலத்தில் பேச்சுகள் நின்றுவிட்டன. நாலாம் மாடியில் ஒரு அறை, ஒரு குசினி. யன்னலால் பார்த்தால் எஸ்-பான் ரயில் பாதை.

அவர் வகுப்புக்குப் போனது ஊழியம் செய்யவென்று மற்றவர்கள் நினைத்தார்கள். அறிவித்தலில் கடைசி வரி அவருக்குப் பிடித்திருந்தது: "சனிக்கிழமைகளில் காலை பத்து முதல் பிற்பகல் நான்கு வரை. மதிய உணவு உண்டு." நான்கு சனிக்கிழமை அவருக்குப் போக ஒரு இடம் இருந்தது.

லிண்டமன் அம்மா ஜெர்மனில் சொல்ல, கிறிஸ்ரினா தமிழில் சொன்னாள். போகுமுன் தொலைபேசி எடுங்கள். புத்தி சொல்லாதீர்கள். உங்கள் வருத்தத்தை அவர்கள் தலையில் இறக்காதீர்கள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். கையில் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள், கொண்டுபோனால் வாங்கினவருக்கு அது பாரமாகும். இந்த இடத்தில் வகுப்பே சிரித்தது.

"வெறுங்கையோடை ஒரு வீட்டுப் படி ஏறுறதோ?" என்றான் ஜெயகாந்த். "என்ரை மனுசி அறிஞ்சால் என்னை வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டாள்."

மூன்றாம் கிழமை நடித்துப் பார்க்கச் சொன்னார்கள். அருளப்பு தனியே இருக்கிற கிழவர், ஜெயகாந்த் பார்க்கப் போகிறவன். "இண்டைக்கு என்ன செய்தனீங்கள்?" என்று ஜெயகாந்த் கேட்டான். அருளப்பு யோசித்தார். "சோத்துச் சட்டி கழுவினனான்," என்றார். பிறகு, "ரெண்டு தரம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். லிண்டமன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மொழிபெயர்ப்பு முடிந்த பிறகும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தா.

படிப்பு முடிந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிவில் கிறிஸ்ரினா மைக்கில் அறிவித்தாள்: வீட்டுக்கு ஆராவது வந்து கதைக்கவேண்டுமென்று விரும்புகிறவர்கள் பேரைத் தரலாம். ஆனி போனது, ஆடி போனது, ஆவணியும் போனது. ஒரு பேர் வரவில்லை. ஹம்பேர்க்கில் தனியே இருக்கிற தமிழர் இல்லாமலில்லை. பேர் கொடுத்தால் அன்று பின்னேரமே ஸ்டுட்கார்ட்டில் இருக்கிற மச்சாளுக்குச் செய்தி போய்விடும், இன்னாரைப் பிள்ளைகள் பார்க்கிறதில்லையாம் என்று. லிண்டமன் அம்மாவின் கைநூலில் இதற்குப் பக்கம் இருக்கவில்லை.

படித்தவர்களில் மூன்று பேர் கெட்டிக்காரர். ஒருவர் தன் மாமியையும், ஒருத்தி தன் பெரியதாயையும், இன்னொருவர் கூட்டாளியின் தகப்பனையும் பிடித்துப் பேர் எழுதுவித்து, ஆறு பெட்டி போட்ட மஞ்சள் கார்ட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் ஜெயகாந்தும் அருளப்புவும்.

புரட்டாதி தொடக்கத்தில், பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது ஜெயகாந்த் அவரை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனான். பார்சல் வாகனம் ஓட்டின கொம்பனி வங்குரோத்தாகி அவனுக்கு நாலு மாதம் வேலையில்லை. மனைவி சாரங்காவின் அரைநாள் சம்பளத்தில் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணை, உங்களுக்குத் தெரிஞ்ச ஆரும் இருக்கினமோ, நான் போய்ப் பாக்க? நூற்றிமுப்பத்தெட்டு யூரோ எண்டால் எங்களுக்கு ஒண்டரைக் கிழமைச் சாப்பாடு."

அருளப்பு கோப்பையைச் சுழற்றினார். தான் கேட்கவேண்டியது எதுவென்று ஆவணி முழுக்க அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்கிறதுக்கு ஒரு சாக்கு, ஒரு சாட்டு, இல்லாமல் இருந்தது. இப்போது சாட்டு முன்னாலே நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

"என்னையே பாருமன்," என்றார். "உமக்காகத்தான். பேரை நான் எழுதித் தாறன்."

ஜெயகாந்துக்கு முகம் வெளித்தது. "அப்ப அண்ணை, ஆறு கையெழுத்தையும் இப்பவே வைச்சுத் தாங்கோவன். உங்களுக்கும் கரைச்சல் இல்லை, எனக்கும் பஸ் காசு மிச்சம்."

"அது ஏலாது. கோயில் காசு. பொய்க் கையெழுத்து வைக்கப்படாது."

"நீங்கள் சரியான நேர்மை, அண்ணை," என்றான் ஜெயகாந்த், கொஞ்சம் சலிப்போடு. அருளப்பு அந்தப் பாராட்டைத் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கே கிறிஸ்ரினாவிடம் போனார். "போய்ப் பாக்கிற ஆக்களின்ரை பட்டியலிலை இருந்து என்னை வெட்டும், பிள்ளை. பாக்கவேண்டிய ஆக்களின்ரை பட்டியலிலை போடும்." சொல்லிவிட்டு நூற்று முப்பத்தெட்டு யூரோ அறுபது சதத்தைச் சரியாக எண்ணி மேசையில் வைத்தார்.

"அண்ணை, காசு வேண்டாம். நான் கமிட்டியிலை கதைக்கிறன்."

"கமிட்டியிலை கதைக்கிறதுக்குப் பதிலாத்தான் இந்தக் காசு."

கிறிஸ்ரினா ரசீது எழுதினாள்.

முதல் சனிக்கிழமை மூன்று மணிக்கு வருவதாக ஜெயகாந்த் சொல்லியிருந்தான். வீட்டில் ஒரேயொரு கதிரைதான் இருக்கிறது என்பது வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் அருளப்புவின் கண்ணில் பட்டது. பழைய சாமான் கடையில் எட்டு யூரோவுக்கு இன்னொன்று வாங்கி, நோகாத தோளில் சுமந்து நாலு மாடி ஏறினார்.

ஜெயகாந்த் வெறுங்கையோடு வந்தான். படித்த படிப்பு அது. ஆனால் அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்சட்டைப் பைக்குள் விட்டான், எடுத்தான், கதிரையில் இருந்து முழங்காலுக்கு நடுவில் வைத்தான்.

"அண்ணை, இந்தக் கிழமை உங்களுக்கு எப்பிடிப் போச்சு?"

"அது ஏழாம் பக்கத்துக் கேள்வி."

"ஓம்."

"எட்டாம் பக்கத்திலை என்ன கிடக்கு?"

"பதில் வருமட்டும் பேசாமல் இருக்கட்டாம்."

"அப்ப இரும்."

இரண்டு பேரும் இருந்தார்கள். எஸ்-பான் ஒன்று போனது. திரும்பி ஒன்று வந்தது. முதலில் சிரித்தது ஜெயகாந்த்தான். சரியாக ஒரு மணித்தியாலத்தில் எழும்பி, கார்ட்டை நீட்டினான். அருளப்பு எழுதப் பழகினதே முப்பது வயதில், அகதி முகாமில். ஒவ்வொரு எழுத்தாக, விரல் அழுந்தப் பேரை எழுதினார்.

இரண்டாம் சனிக்கிழமை அவன் கையில் வாழைப்பழப் பை. "இது உங்களுக்கில்லை. எனக்கு வாங்கினது," என்றான். போகும்போது அதை மேசையில் மறந்துவிட்டுப் போனான். மூன்றாம் சனிக்கிழமை வந்து இருந்த பத்து நிமிசத்தில் கதிரையிலேயே நித்திரையானான். முதல் நாள் முழுக்க ஆருக்கோ வீடு மாற உதவப் போனவனாம். அருளப்பு கோப்பை கழுவினால் சத்தம் கேட்கும் என்று கழுவாமல், எதிர்க் கதிரையில் இருந்து அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னுடைய மூச்சல்லாத ஒரு மூச்சு அந்த அறைக்குள் கேட்டு எவ்வளவு காலம் என்று கணக்குப் பார்த்தார். கணக்குப் பிடிபடவில்லை. அந்த ஒரு மணித்தியாலத்துக்கும் கையெழுத்து வைத்தார். நாலாம் கிழமை ஜெயகாந்த் வேலை தேடிக் கொடுக்கிற கந்தோரில் தன்னை மணிக்கணக்காக இருத்தி, சும்மா எழுப்பி அனுப்பின கதையைச் சொன்னான். லிண்டமன் அம்மாவின் சட்டப்படி அது பிழை, வந்தவன் தன் வருத்தத்தை இறக்கக்கூடாது. அருளப்பு அதை அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

ஐந்தாம் சனிக்கிழமைதான் அவர் வாய் திறந்தார்.

"எமிலியானை எனக்குத் தெரியும்," என்றார்.

"எல்லாருக்கும் தெரியும்தானே அண்ணை."

"அப்பிடியில்லை. அவரும் விடிய வேலைக்குப் போறவர். கிழமைக்கு ரெண்டு நாள் ஒரே எஸ்-பானிலை, ஒரே பெட்டி. ஆறு வருசம். நான் தலையாட்டுவன், அவரும் தலையாட்டுவார். ஒருநாளும் கிட்டப் போய் இருக்கேல்லை."

ஜெயகாந்த் பேசாமலிருந்தான். இந்தமுறை எட்டாம் பக்கத்துக்காக இல்லை.

"அந்தப் பதினொரு நாளிலை மூண்டு நாள் நான் பாத்தனான், ஆள் ஏறேல்லை எண்டு. லீவாக்கும் எண்டு நினைச்சன். எங்கை இறங்கிறவர் எண்டும் தெரியும். இறங்கிப் போய்ப் பாத்திருக்கலாம். வேலைக்குப் பிந்திப்போடும் எண்டு போகேல்லை."

அன்றைக்கு ஜெயகாந்த் இரண்டரை மணித்தியாலம் இருந்தான். முட்டை பொரித்துப் பாணோடு சாப்பிட்டார்கள். வாசலில் நின்று, "அடுத்த கிழமையோடை ஆறு, அண்ணை. எங்களை ஒரு கரையிலை சேர்த்துப்போட்டியள்," என்றான்.

கதவு சாத்தின பிறகு அந்தச் சொல் அறைக்குள்ளேயே நின்றது. அருளப்பு சலவையில் விரிப்புப் பிரிக்கும்போதெல்லாம் ஆறு, ஆறு என்று அந்த எண்ணே கிழமை முழுக்க வந்தது.

ஆறாம் சனிக்கிழமை போகும் நேரம் ஜெயகாந்த் கார்ட்டை நீட்டினபோது, "மூக்குக்கண்ணாடியைக் காணேல்லை," என்றார் அருளப்பு. "வைச்சிட்டுப் போம். வாற சனி வைச்சுத் தாறன்."

மூக்குக்கண்ணாடி அவர் சட்டைப் பைக்குள்தான் இருந்தது.

ஏழாம் கிழமை வந்தான். "கார்ட்டை எங்கையோ பத்திரமா வைச்சன், வைச்ச இடம் ஞாபகமில்லை," என்றார். எட்டாம் கிழமையும் வந்தான். "தேடுறன், தேடுறன்," என்றார். கார்ட் மேசை லாச்சிக்குள், மின்சாரக் கட்டணக் கடிதங்களுக்கு மேலே கிடந்தது. ஜெயகாந்த் போன பிறகு எடுத்துப் பார்ப்பார். ஐந்து பெட்டி நிரம்பி, ஒன்று வெறுமையாக. கைநூலின் கடைசிப் பக்கத்தில், கடைசிச் சந்திப்பை எப்படி முடிப்பது என்று எழுதியிருந்தது. முன்கூட்டியே சொல்லவேண்டும், ஒருவரை உங்களோடு கட்டிவைக்கக் கூடாது என்று. அது போகிறவருக்கு எழுதினது. பார்க்கப்படுகிறவர் கட்டிவைத்தால் என்ன செய்வதென்று அதில் இல்லை. ஆனால் அவர் இரண்டு பக்கமும் படித்தவர். தான் செய்வது இன்னதென்று அவருக்கு விளங்கித்தான் இருந்தது.

ஒன்பதாம் கிழமை, கார்த்திகை நடுவில், ஜெயகாந்த் ஈரச் சப்பாத்தோடு வந்து கதிரை நுனியில் இருந்தான்.

"கோயிலாலை கடிதம் வந்திட்டுது அண்ணை. முப்பதுக்கு முதல் கட்டட்டாம். பறுவாயில்லை, மச்சானிட்டைக் கேட்டு வாங்கிப்போட்டன். கார்ட் துலைஞ்சால் துலைஞ்சதுதான், நீங்கள் அதை நினைச்சு மண்டையைப் போட்டு உடையாதேங்கோ."

அருளப்பு யன்னலைப் பார்த்தார்.

"இன்னொண்டு. பிறேமனிலை வேலை கிடைச்சிருக்கு. திங்கள் தொடக்கம். சனியும் வேலை. அதாலை இனி..."

"நல்ல விசயம்," என்றார் அருளப்பு. பிறகு எழும்பிப் போய் லாச்சியை இழுத்தார். கார்ட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"எங்கை கிடந்தது?" என்று ஜெயகாந்த் சிரித்தபடி கேட்டான்.

"இதுக்குள்ளைதான். துலையேல்லை. நான்தான் வைச்சிருந்தனான்."

சிரிப்பு உடனே போகவில்லை. விளங்க விளங்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"ஏன் அண்ணை?"

"ஆறு முடிஞ்சால் நீர் வரமாட்டீர்."

ஜெயகாந்த் சப்பாத்தைப் பார்த்தான். "மகள் தேனுஜாவுக்குச் சனியிலைதான் நீச்சல் வகுப்பு. ஆறு முடிஞ்ச பிறகும் மூண்டு கிழமை நான் கூட்டிக்கொண்டு போகேல்லை. அப்பா ஏன் வரேல்லை எண்டு கேட்டவள். அருளப்பு அண்ணை பாவம், தனிய எண்டு சொன்னனான்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அருளப்புவுக்குச் சுகமாக இருந்திருக்கும். "கேட்டிருக்கலாமே. வா எண்டு கேட்டிருந்தால் நான் வராமல் விடுவனோ?"

அருளப்பு அந்தக் கேள்வியை உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "தெரியாது," என்றார். "கேட்டுப் பழக்கமில்லை."

மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆறாவது பெட்டியில் பேரை எழுதினார். ஜெயகாந்த் கார்ட்டை எடுக்கக் கை நீட்டவில்லை. எழும்பி ஜக்கெற்றைப் போட்டான்.

"நீங்களே குடுத்துவிடுங்கோ. நாளைக்கு நான் பூசைக்கு வரேல்லை, சாமான் கட்டக் கிடக்கு." கதவடியில் நின்றான். "வாறன் அண்ணை."

போகும்போது எல்லோரும் சொல்லுகிற சொல் அது. அருளப்பு அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொண்டார். நாலு மாடியும் சப்பாத்துச் சத்தம் இறங்கி முடியும்வரை கதவைத் திறந்தபடி நின்றார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்துக்குப் போய்க் கிறிஸ்ரினாவிடம் கார்ட்டைக் கொடுத்தார். அவள் முன்பக்கத்தைப் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பின்னால் அவர் கையெழுத்தில் மூன்று திகதிகள் இருந்தன.

"இது என்ன அண்ணை பின்னாலை?"

"அந்த மூண்டு நாளும் வந்தவர். என்ரை பிழையாலை வந்தது. ஆனால் வந்தவர்."

"தள்ளுபடிக்கு ஆறு காணுமே."

"வந்ததை எழுதத்தானே வேணும்."

கிறிஸ்ரினா அவரை ஒருதரம் பார்த்தாள். "ஜெயகாந்த் பிறேமனுக்குப் போறாராம். உங்களுக்கு இனி ஆராவது வரவேணுமோ?"

மண்டபத்தில் சனம் நின்றது. பக்கத்து மேசையில் பற்றிஸ் பலகாரம் விற்கிற பெண்கள் இரண்டு பேருக்கு நிச்சயம் காது கேட்கும். அருளப்புவிடம் இந்தமுறை சாட்டு ஒன்றும் இருக்கவில்லை.

"ஓம்," என்றார். "ஆர் எண்டாலும் பறுவாயில்லை. சனி எண்டால் நல்லது."

அவள் கோப்பைப் புரட்டினாள். முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினாள். "இப்ப பழகின ஆள் ஒருதரும் இல்லை, அண்ணை. மற்ற மூண்டு பேரும் ஆறோடை நிப்பாட்டியிட்டினம். அடுத்த வகுப்பு மாசியிலைதான். அதுவும் ஆக்கள் சேர்ந்தால்."

"சரி. பேர் கிடக்கட்டும்."

"கிடக்கட்டும்," என்றாள் கிறிஸ்ரினா.

பிறகு அவள் கணக்குக் கொப்பியை எடுத்து ஜெயகாந்தின் பேர் இருந்த பக்கத்தைத் திறந்தாள். நூற்று முப்பத்தெட்டு யூரோ அறுபது சதத்தின் மேல் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தாள். பக்கத்தில் தள்ளுபடி என்று எழுதி, திகதி போட்டாள்.